ஏரிமண் வீடுகள்: ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தின் கட்டுமான வரலாறு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதை நெடுங்காலம் முடிவுசெய்தவை ஏரியும் பனையும் மேட்டுச் செம்மண்ணும்தான். பாலாற்றுக்கு வடக்கே, அடையாற்றுக்கு நீர் சேரும் இந்தப் பகுதியில் பெரிய மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நீரைப் பிடித்து வைக்க ஊருக்கு ஊர் ஏரி எழுந்தது; பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கே ஏரி மாவட்டம் என்ற பெயர் உண்டு. ஏரிக்குள் வண்டலும் களியும், கரையில் பனை, மேட்டில் செம்புரைக்கல் கலந்த சிவந்த கிராவல் மண். அடியில் தாவரப் புதைபடிவங்கள் நிறைந்த வெளிறிய களிப்பாறை அடுக்குகளும் உண்டு; அவற்றுக்குப் புவியியலாளர்கள் ஸ்ரீபெரும்புதூரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

கருங்கல் வேண்டுமானால் பல்லாவரம், திரிசூலம் குன்றுகளுக்கு வண்டி கட்ட வேண்டும். நல்ல சுண்ணாம்புக்கு முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற கடற்கழிகளின் கிளிஞ்சல் வேண்டும். தேக்கு இன்னும் தொலைவிலிருந்து வர வேண்டும். மண்ணும் ஓலையும் மட்டுமே ஊர் எல்லைக்குள் காசில்லாமல் கிடைத்தன. வட்டாரத்தின் கட்டுமான வரலாறு முழுவதிலும் இந்த வேறுபாடு ஓடுகிறது: காசு கொடுத்து வரவழைத்த பொருளால் கட்டிய வீடுகள் ஒருபுறம், பொதுநிலத்திலிருந்து எடுத்த பொருளால் கட்டிய வீடுகள் மறுபுறம்.

இந்த நிலத்து வீடுகளைப் பற்றிய பழைய சான்று பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையன் ஆண்ட காலத்தில் காஞ்சிக்குப் போகும் வழியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் பாடுகிறார். வழிநெடுக வரும் குடியிருப்புகளை ஒவ்வொன்றாக, அதனதன் கூரையோடு காட்டுவது அந்த நூலின் அருமை. எயினர் குடிசையில் ஈந்தின் இலை வேய்ந்திருக்கிறது. வலைஞர் குடிலுக்குப் புல்லே கூரை. ஆயர், உழவர் வீடுகளும் தனித்தனியே வருகின்றன. காஞ்சியை நெருங்கும்போதுதான் சுட்ட செங்கல்லால் உயர்ந்த மாளிகை தென்படுகிறது. அந்தந்த நிலத்தில் முளைப்பதே அந்தந்த வீட்டின் கூரை என்ற வழக்கம் அப்போதே நிலைபெற்றிருந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் அதை உருவாக்கியதாகப் பெருமை கொள்கிறது. அதுவரை கோயில்களும் அந்தப் பொருள்களால்தான் கட்டப்பட்டன என்பது அந்தப் பெருமையிலேயே தெரிகிறது. கோயில் கல்லுக்கு மாறிய பின்னும் வீடு மாறவில்லை.

மண்சுவர் எழுப்பும் முறை பார்க்க எளிது. செய்யப் பொறுமை வேண்டும். அறுவடை முடிந்து ஏரி வற்றும் கோடையில் வேலை தொடங்கும். ஏரிக்களியை மட்டும் எடுத்தால் காயும்போது வெடிக்கும். மேட்டுச் செம்மண்ணை மட்டும் எடுத்தால் பிடிப்பிருக்காது. இரண்டையும் கலந்து, தண்ணீர் விட்டு, நறுக்கிய வைக்கோல் சேர்த்து, காலால் மிதித்துப் புளிக்க விடுவார்கள். சில நாள் கழித்து மீண்டும் மிதித்த பிறகே மண் சுவருக்குப் பதமாகும். பதமான மண்ணை உருண்டையாகப் பிடித்து, கைமாற்றி, ஏறத்தாழ ஒரு முழ உயரத்துக்கு ஒரு வரிசை வைப்பார்கள். அது காய்ந்து இறுகிய பிறகே அடுத்த வரிசை. அவசரப்பட்டு மேலே ஏற்றினால் கீழ்வரிசை பிதுங்கும். அடி அகலமாகவும் மேலே போகப் போகச் சற்று ஒடுங்கியும் வரும் இந்தச் சுவர் ஒன்றரை அடி கனத்துக்குக் குறையாது. பகல் வெயில் உள்ளே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், மே மாதத்திலும் உள்ளறை தணுப்பாக இருக்கும்.

மண்சுவருக்குப் பகை தண்ணீர் ஒன்றுதான். மேலிருந்து நனையாமல் காப்பது தாழ இறங்கிய கூரை. கீழிருந்து நனையாமல் காப்பது திண்ணை. வீட்டைச் சுற்றி உயர்த்திய திண்ணையை உட்காரும் இடம் என்று மட்டுமே நினைத்துவிடுகிறோம். மழைநீர் தெறித்துச் சுவரின் அடியை அரிக்காமல் தாங்குவதும் அதன் வேலை. சாணி மெழுகுவதும், பொங்கலுக்கு முன் வெள்ளையடித்துக் காவிப்பட்டை தீட்டுவதும் அழகுக்காக என்றாலும், ஆண்டுதோறும் சுவரின் கீறல்களை அடைக்கும் பராமரிப்பும் அவையேதான். அந்த உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. எந்தக் கணக்கிலும் ஏறாத அந்த உழைப்பு இல்லாமல் ஒரு மண்வீடும் பத்து மழைக்காலம் தாண்டியிருக்காது.

மண் எடுத்த குழி வீணாவதில்லை. அது மழையில் நிறைந்து குட்டையாகும், மாடு குடிக்கும், வாத்து மேயும். ஏரிக்குள் மண் எடுத்தால் ஏரி ஆழமாகும். வீடு கட்டுவதும் நீர்நிலையைத் தூர்வாருவதும் ஒரே வேலையின் இரு முனைகளாக இருந்தன.

கூரைக்குப் பனையே முதல். முதிர்ந்து வைரம் பாய்ந்த பனையைப் பிளந்து விட்டமும் கைமரமும் எடுப்பார்கள். அதன் கருத்த வெளிப்பகுதி இரும்புபோல் இறுகியிருக்கும், உள்சோறு எதற்கும் உதவாது. கைமரத்தின் மேல் மூங்கில் வரிச்சு கட்டி, பனை நாரால் முடிந்து, ஓலையை அடுக்கடுக்காக வேய்வார்கள். ஏரிக்கரையில் விழல் கிடைத்த ஊர்களில் விழல் கூரையும் உண்டு. நல்ல வேய்ச்சல் சில ஆண்டு தாங்கும். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் காற்று பிய்த்த இடத்தைப் புதிய ஓலையால் செருக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதை முடிக்காத வீடு கார்த்திகையில் ஒழுகும். சற்று வசதியுள்ளவர்கள் ஊர்க் குயவர் சக்கரத்தில் வனைந்த நாட்டு ஓட்டைப் போட்டார்கள். அதற்கும் களி ஏரியிலிருந்துதான் வந்தது.

வசதி படைத்தவர்களின் வீடு மெத்தை வீடு. அதன் தளத்தைக் கட்டைக்குத்து என்றும், ஆங்கிலேயர் வழக்கில் மெட்ராஸ் டெரஸ் என்றும் சொல்வார்கள். தேக்கு உத்தரங்களின் மேல் நெருக்கமாகச் சட்டங்களை வைத்து, மெல்லிய அச்சுக்கல்லைக் குத்துவாக்கில், கோணல் வரிசையாகச் சுண்ணாம்புக் காரையில் பதிப்பார்கள். இறுகிய பின் அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புவார்கள். பிறகு சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக் கொட்டாப்புளியால் பல நாள் தட்டுவார்கள். காரை சுண்டி இறுகியதும் மேலே தட்டோடு பதிக்கப்படும். இரும்புக் கம்பியும் சிமெண்டும் இல்லாத இந்தத் தளம் நூறு, நூற்றைம்பது ஆண்டு நிற்கிறது. ராமானுஜர் பிறந்த தலமான ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றிய மாடவீதிகள் போன்ற இடங்களில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என நீளும் வீட்டமைப்போடு இந்த வகைத் தளமும் ஓட்டுத் தாழ்வாரமும் சேர்ந்தே வந்தன.

சுண்ணாம்புக் காரையின் புகழ் கடல் கடந்தது. சென்னையில் காரை செய்யும் முறையை ஐசக் பைக் என்பவர் எழுதியனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டி 1732இல் அதை வெளியிட்டது. வெல்லம், கடுக்காய், வேகவைத்த பயறின் நீர் ஆகியவற்றைக் காரையில் சேர்ப்பதை அதில் விளக்குகிறார். கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெண்கருவைச் சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்தால் சுவர் சலவைக்கல் போல் பளபளக்கும். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, செக்கில் அரைத்து, நாள்கணக்கில் ஊறவைக்கும் இந்த வேலை கொத்தனார் குடும்பங்களுக்குள் கைமாறி வந்த நுட்பம். இந்தியாவில் போர்ட்லாண்டு சிமெண்ட் செய்யும் முதல் முயற்சிகளுள் ஒன்று 1904இல் சென்னையிலேயே, அதே கடற்கிளிஞ்சலைக் கொண்டு நடந்தது. அந்த ஆலை நிலைக்கவில்லை. ஆனால் சுண்ணாம்பின் இடத்தைப் பிடிக்கப்போகும் பொருளும் கிளிஞ்சலிலிருந்தே தொடங்கிற்று.

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையின் நிலையை 1800ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரான்சிஸ் புக்கானன் எழுதிவைத்திருக்கிறார். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, மைசூர் நாட்டை ஆராய அனுப்பப்பட்ட அவர் சென்னையிலிருந்து குன்றத்தூர், செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம் சென்றார். செம்பரம்பாக்கம் ஏரியைக் கண்டு வியந்து, இது தோண்டியதல்ல, இரண்டு மேடுகளுக்கு இடையிலான திறப்பைக் கரைபோட்டு அடைத்து உண்டாக்கியது என்று விளக்குகிறார். அதன் நீளம் ஏழெட்டு மைல், அகலம் மூன்று மைல் என்று சொல்லக் கேட்டு எழுதுகிறார். காஞ்சியில் அவர் கண்டவை மண்சுவரும் ஓட்டுக் கூரையும் நடுவில் சிறு முற்றமும் கொண்ட ஒற்றைத்தள வீடுகள். தெருக்கள் நேராக, இருபுறமும் தென்னை. மண்சுவரை ஏழ்மையின் அடையாளமாக அவர் பார்க்கவில்லை. பெருநகரமான காஞ்சியே மண்ணால் கட்டப்பட்டிருந்தது.

அதற்கு முந்தைய தலைமுறையில், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்ட் தலைமையில் செங்கல்பட்டு ஜாகீர் எனப்பட்ட பகுதியின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள் அளக்கப்பட்டன. ஊரின் நிலம், ஏரி, தோப்பு, வீடுகள், தொழில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் பதிவாயின. தச்சர், கொல்லர், குயவர் முதலானோருக்கு ஒவ்வொரு விளைச்சலிலும் மேரை என்ற பங்கும், சிலருக்கு மானிய நிலமும் இருந்ததை அது காட்டுகிறது. கைவினைஞர் ஊரிலேயே நிலைத்திருக்க அந்தப் பங்கு வழிசெய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது சுருங்கிக் காசுக் கூலியாக மாறியபோது, கூலி கிடைக்கும் இடத்துக்குக் கைவினையும் நகர்ந்தது.

மரபு வீட்டைப் போற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கடந்துபோகும் பக்கம் ஒன்று உண்டு. மண்ணும் ஓலையும் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசுதார்கள் விளைநிலத்தோடு குடியிருப்பு நிலமான நத்தத்தின் மீதும் உரிமை கொண்டாடினார்கள். சேரியில் குடியிருந்த தலித் குடும்பங்களுக்குத் தாங்கள் படுத்துறங்கும் மண் சொந்தமில்லை. பண்ணையாளை விரட்ட நினைத்தால் வீட்டோடு விரட்டலாம். 1891இல் மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கை இந்த நிலையை வெளிப்படையாகச் சொன்னது. அடுத்த ஆண்டு அரசு பிறப்பித்த ஆணையிலிருந்து வந்தவைதான் பின்னர் பஞ்சமி நிலம் எனப்பட்ட ஒதுக்கீடுகள். எந்த நேரமும் காலிசெய்யச் சொல்லக்கூடிய மனையில் ஒருவர் காரை பூசி ஓடு போடமாட்டார். சேரியின் ஓலைக் குடிசை கட்டுமான அறிவின் தேர்வாக இருந்ததைவிட மனையுரிமை மறுப்பின் விளைவாகவே இருந்தது. சுட்ட கல்லில், கான்கிரீட்டில் ஒரு வீடு என்ற ஆசை இந்த வட்டாரத்தில் ஏன் இத்தனை ஆழமானது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. மண்வீட்டுக்குத் திரும்பச் சொல்லும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

மாற்றம் படிப்படியாகவே வந்தது. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலையின் தட்டையான ஓடு ரயிலேறிப் பரவி, குயவரின் நாட்டு ஓட்டை ஓரங்கட்டிற்று. சுதந்திரத்துக்குப் பின் சிமெண்டும் கம்பியும் ஊருக்கு வந்தன. கட்டைக்குத்துத் தளம் போடத் தெரிந்த கொத்தனார்கள் சென்ட்ரிங் வேலைக்கு மாறினார்கள். ஏரிமண்ணும் வயல்மண்ணும் செங்கல் சூளைக்குப் போயின. வேலிக்காத்தான் முள்ளும் சவுக்கும் எரிபொருளாயின. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டச் சூளைகளிலிருந்து கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் இருளர் குடும்பங்கள் மிகுதி. உறுதியான வீடு என்று நாம் மதிக்கும் செங்கல்லின் கணக்கில் அவர்களின் உழைப்பும் சேர வேண்டும்.

ஓலைக் கூரைக்கு எதிரான தீர்ப்பை எழுதியது தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தபின், பள்ளிகளில் ஓலைக் கூரையை நீக்க அரசு உத்தரவிட்டது. அதை யாரும் எதிர்க்கவில்லை, எதிர்த்திருக்கவும் முடியாது. 2010இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம் மாநிலத்தின் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்குவதை இலக்காக வைத்தது. 2011இல் சூரிய ஒளி விளக்குடன் கூடிய 300 சதுர அடிப் பசுமை வீடுகள் அதன் இடத்துக்கு வந்தன. இந்தத் திட்டங்கள் ஏராளமான குடும்பங்களுக்கு முதன்முறையாக ஒழுகாத கூரையைத் தந்தன என்பது உண்மை. மெல்லிய கான்கிரீட் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் உட்கார முடியவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

இதற்குள் நிலமே கைமாறிவிட்டது. ஹூண்டாய் நிறுவனம் 1996இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைக்க வந்தது. 1998இல் முதல் கார் வெளிவந்தது. பிறகு செயின்ட் கோபைன் கண்ணாடி, 2006இல் நோக்கியா கைப்பேசி. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசான், 2012இல் டைம்லரின் லாரி, 2013இல் ராயல் என்பீல்டு. அரசின் சிப்காட் தொழிற்பூங்காக்களுக்காகப் பட்டா நிலத்தோடு புறம்போக்கும் போயிற்று. கட்டுமான வரலாற்றின் பார்வையில் இழப்பு அந்தப் புறம்போக்கில்தான் அதிகம். மேய்க்கால் தரையும் கரைப்பனையும் விழல் முளைத்த ஏரியோரமும் வீட்டுப் பொருள்களின் கிடங்காக இருந்தவை. அவற்றுக்கு விலையும் இல்லை, வாடகையும் இல்லை. அவை போனபின் மண்வீடு காசில்லாமல் கட்டக்கூடிய வீடாக இருப்பது நின்றுபோயிற்று.

மண்ணைத் திரும்பிப் பார்க்கும் சிந்தனை இந்தத் தொழிற்சாலைகளுக்கு முன்பே தொடங்கியிருந்தது. எகிப்தில் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி 1940களில் லக்சருக்கு எதிர்க்கரையில் புது குர்னா கிராமத்தை மண்கல்லால் கட்டினார். மரமே இல்லாமல் மண்கல் வளைவுகளால் கூரையிடும் நூபியர் முறையை உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தவர் அவர். இந்தியாவில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் காந்தியைச் சந்தித்ததையும், ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதையும் வாழ்நாள் முழுக்க நினைவுகூர்ந்தார். செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்து நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு நான்கில் ஒரு பங்கு கல்லை மிச்சப்படுத்துகிறது. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதிக்கும் முறை சிமெண்டையும் எடையையும் குறைத்து, வெயிலையும் தடுக்கிறது. பேக்கரின் இந்த இரண்டு முறைகளும் தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் எளிதில் கற்றுக்கொண்டவை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் ஏ.கே.என். ரெட்டி தொடங்கிய அஸ்திரா அமைப்பில் கே.எஸ். ஜகதீஷும் பிறரும் மண்ணோடு சிறிது சிமெண்ட் சேர்த்து அழுத்திய கல்லை ஆய்வுசெய்தார்கள். அந்த வகைக் கல்லுக்கான இந்தியத் தர நிர்ணயம் 1982இலும் 2013இலும் திருத்தப்பட்டது.

ஒரகடத்திலிருந்து தெற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் உள்ள ஆரோவில்லில் இந்த முயற்சி முதிர்ச்சியடைந்தது. 1989இல் ஹட்கோ ஆதரவுடன் அங்கே தொடங்கிய மண் கட்டுமானப் பிரிவு 2004இல் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் என்று பெயர் மாறிற்று. சத்பிரேம் மைனி தலைமையில் அங்கே உருவான ஆரம் அழுத்துப்பொறி பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. 1992இல் முடிந்த ஆரோவில் பார்வையாளர் மையம் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருதைப் பெற்றது. மண்ணில் ஏறத்தாழ பாதி மணல், 15 சதவீதம் சிறுகல், 15 சதவீதம் வண்டல், 20 சதவீதம் களி என்று கலவை அமைந்தால், 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து அழுத்திய கல் மழைக்குக் கரையாது. ஸ்ரீபெரும்புதூர் மேட்டின் கிராவல் மண் இத்தகைய கல்லுக்கு ஏற்ற வகைதான். களி கூடிய ஏரிமண்ணை மணல் கலந்து பதப்படுத்த வேண்டும். நாட்டுச் சூளைச் செங்கல்லுக்குச் செலவாகும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கே இந்தக் கல்லுக்குப் போதும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. மண்கல் ஒற்றைத்தள வீட்டுக்கு மட்டும்தான் என்ற எண்ணத்தையும் ஆரோவில்லின் விகாஸ் குடியிருப்பு பொய்யாக்கியது. அங்கே நான்கு அடுக்கு மண்கல் சுவர்களின் மேலேயே நிற்கிறது. மண் எடுத்த குழிகளை மழைநீர்த் தொட்டியாகவும் கழிவுநீர் சுத்திகரிக்கும் குட்டையாகவும் மாற்றியதில், மறைந்துபோன பழைய ஊர்வழக்கம் பொறியியலாகத் திரும்பி வந்திருக்கிறது.

அச்சுக்கல்லும் பிழைத்துக்கொண்டது. கட்டைக்குத்துத் தளத்தில் பயன்பட்ட அந்த மெல்லிய கல்லை, ஆரோவில்லில் 2000இல் முடித்த தம் வீட்டின் சுவர்களுக்குக் கட்டடக்கலைஞர் அனுபமா குண்டு பயன்படுத்தினார். மண்ணால் வீட்டை முழுதாகக் கட்டி, உள்ளே செங்கல்லை அடுக்கித் தீமூட்டி, வீட்டையே சூளையாகச் சுட்டெடுக்கும் முறையைப் புதுச்சேரியின் மட்பாண்டக் கலைஞர் ரே மீக்கர் பல ஆண்டு சோதித்தார். பின்னர் ஆதரவற்ற குழந்தைகளுக்கான வீடுகள் புதுச்சேரியில் அப்படி எழுந்தன.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இந்த மீட்பின் இன்னொரு கிளை. மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனுக்காக லாரி பேக்கர் வகுத்த திட்டத்தை பென்னி குரியகோஸ் நடைமுறைப்படுத்தினார். செட்டிநாட்டு வணிகர் வீடும் காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும் மீண்டும் நிறுத்தப்பட்டு இன்றும் அங்கே பார்வைக்கு இருக்கின்றன. தறிக்குழி எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து நூலின் மேல் விழுகிறது என்பதையெல்லாம் உள்ளே நின்று பார்த்தால்தான் நெசவாளர் வீடு புரியும். சென்னை சேப்பாக்கத்தில் பொதுப்பணித் துறை ஹுமாயூன் மகாலைச் சீரமைத்தபோது சுண்ணாம்புக் காரையும் மெட்ராஸ் டெரஸும் அரசுப் பணியாகவே திரும்பின. மறந்துபோகவிருந்த காரை அரைப்பு புதிய தலைமுறைக் கொத்தனார்களின் கைக்கு வந்தது அதன் பெரும்பயன்.

பெர்மாகல்ச்சர் இந்தச் சூழலில்தான் வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவைச் சேர்ந்த பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978இல் வெளியிட்ட நூல் அதன் தொடக்கம். மோலிசன் 1987இல் இந்தியாவுக்கு வந்தார். தெலங்கானாவின் பஸ்தாபூரில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் முயற்சிகள் அதையொட்டி வளர்ந்தன. 2017இல் உலக பெர்மாகல்ச்சர் மாநாடு ஹைதராபாதில் கூடியது. வீட்டைத் தனிக் கட்டடமாகப் பாராமல் நீர், மண், மரம், கால்நடை, மனித உழைப்பு எல்லாம் சுற்றிவரும் அமைப்பின் மையமாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அடிக்கடி கைபடும் செடி வீட்டை ஒட்டி, அவ்வப்போது போகும் தோப்பு அதற்கப்பால், கை வைக்காத காடு எல்லையில் என்று வளையம் வளையமாகத் திட்டமிடுவார்கள். செங்கல்பட்டு நாட்டின் பழைய ஊரும் அப்படித்தான் இருந்தது: கொல்லையில் முருங்கை, பாத்திரம் கழுவிய நீர் பாயும் வாழை, தொழுவம், எருக்குழி, களத்துமேடு, தோப்பு, ஏரி, மேய்க்கால்.

ஒற்றுமை அழகாகத்தான் இருக்கிறது. வேற்றுமையோ அதைவிட முக்கியமானது. பெர்மாகல்ச்சர் பண்ணை பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமான வேலியிட்ட சில ஏக்கரில் தொடங்குகிறது. பழைய ஊரில் வளையங்களின் வெளிப்பாதி பொதுநிலம். மண், ஓலை, விழல், விறகு எல்லாம் அங்கிருந்தே வந்தன. அங்கே யார் எப்போது எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஊர்க்கட்டுப்பாடு இருந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் சாதியும் இருந்தது. வேலிக்குள் மட்டும் எழும் மண்வீடு பழையதின் சுவரை மீட்கும். அந்தச் சுவருக்கு மண் தந்த ஏரியின் பொதுவுரிமையை மீட்காது. சாதியை விட்டுவிட்டுப் பொதுவுரிமையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்பதே இந்த மீட்பில் நம்பிக்கை வைக்கத்தக்க இடம்.

திருவண்ணாமலையில் இயங்கும் தண்ணல் போன்ற இயற்கைக் கட்டுமானக் குழுக்கள் சிமெண்ட் அறவே கலக்காத மண், சுண்ணாம்பு, கடுக்காய், மூலிகைச் சாறு ஆகிய பழைய சேர்மானங்களைப் பயிற்சி முகாம்கள் வழியே கற்பிக்கின்றன. ஆரோவில் மரபு சிறிதளவு சிமெண்ட்டை ஏற்கிறது, இவர்கள் ஏற்பதில்லை. நனைந்து காயும்போது மண் மூச்சுவிட வேண்டும், சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துச் சுவரை உளுக்கச் செய்யும் என்பது இவர்கள் வாதம். தூய மண்சுவரின் மேல் சிமெண்ட் பூசிய பழைய வீடுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்வது இதற்குச் சான்று. ஆனால் ஆண்டுதோறும் கைபார்க்க ஆளில்லாத வீட்டுக்கு, சிமெண்ட் சிறிது கலந்த அழுத்திய கல்லே நடைமுறைக்குப் பொருந்தும். ஷிப்டு முறையில் ஆலைக்குப் போகும் குடும்பத்திடம் சாணி மெழுகக் காலையும் இல்லை, ஓலை செருகக் கோடையும் இல்லை.

செலவைப் பற்றிய பிழையான எண்ணம் ஒன்று பரவலாக உண்டு. மண் மலிவு, ஆகவே மண்வீடும் மலிவு என்பார்கள். பொருளில் மிஞ்சும் பணம் கூலியில் போய்விடும். மிதித்து, உருட்டி, வரிசை வைத்து, காயக் காத்திருக்கும் வேலைக்கு நாள்கணக்கில் ஆள் வேண்டும். இந்த வட்டாரத்து இளைஞர்கள் ஆலை ஒப்பந்த வேலையில் இருக்கிறார்கள். சொந்தக் கையால், உறவினர் உதவியோடு கட்டுகிறவருக்கு மட்டுமே மண்வீடு இன்றும் மலிவு.

வெளியூர்த் தொழிலாளர் தங்குமிடம் இன்னொரு கேள்வி. ஆலைகளைச் சுற்றிய ஊர்களில் ஒற்றை அறை லைன் வீடுகளும் தகரக் கொட்டகைகளும் பெருகின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காக 706.5 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. இத்தனை பெரிய அளவுக்கு மண்சுவர் விடையாகாது. ஒற்றைத்தள லைன் வீடுகளுக்கோ அழுத்திய மண்கல்லும் எலிப்பொறிக் கட்டும் ஓடு பதித்த தளமும் நேரடியாகப் பொருந்தும். தகரத்தின் கீழ் வேகும் அறைகளை இவை தாங்கக்கூடியதாக்கும்.

பொருள் கிடைக்கும் வழிகளில் சில அண்மையில் திறந்திருக்கின்றன. ஏரி, குளங்களின் வண்டலையும் களியையும் உழவர்களும் மட்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுக்க 2024இல் வழிசெய்யப்பட்டது. வீட்டுச் சுவருக்கும் மண்கல்லுக்கும் இந்த அனுமதி நீளவில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. பனை விதைகளும் பரவலாக நடப்பட்டன. அந்தக் கன்றுகள் வைரம் பாய்ந்து சட்டமாகப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை இடிபடும் பழைய வீடுகளின் மரமே கைமரத்துக்கும் விட்டத்துக்கும் முதல் ஆதாரம். அதுவும் கிடைக்காத இடத்தில், ஃபாத்தி காட்டிய வழியில் மரமில்லா மண்கல் வளைவுக் கூரையை ஆரோவில் கொத்தனார்கள் எழுப்புகிறார்கள்.

2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் எட்டு லட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டது. 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை கட்டாயம். மீதியுள்ள இடத்திலும் தீப்பிடிக்காத கூரையே போட வேண்டும். ஆகவே அரசு உதவியில் கட்டும் ஏழைக் குடும்பம் ஓலையையோ கட்டைக்குத்தையோ தேர்ந்தெடுக்க முடியாது. மரபுக் கட்டுமானம் இப்போதைக்குச் சொந்தச் செலவில் கட்டுபவர்களிடமும், இயற்கை வேளாண் பண்ணைகளிலும், சில பள்ளிகளிலும் பண்பாட்டு மையங்களிலும் மட்டுமே நடக்கிறது.